ஜே. ஸி. குமரப்பா: வாழ்வும் உணவு நெறியும்

நாட்டின் செல்வத்தைக் கணக்கிட்டுக் காட்டும் அறிஞர் எக்காலத்தும் உளர். அச்செல்வம் எவருடைய வயிற்றை நிரப்புகின்றது, எவருடைய வயிற்றை வறிதாக்குகின்றது என்று கணக்கிட்டுக் காட்டியவரோ மிகச் சிலர். அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் தமிழகத்துப் பெரியார் ஜோசப் செல்லத்துரை குமரப்பா அவர்கள். சந்தையில் ஒரு படி தானியம் வாங்கும் சிறு செயலிலும் ஓர் அறம் அடங்கியுள்ளது என்பதும், நம் கையினின்று செல்லும் காசே நம்மைச் சூழ்ந்துள்ள நிலத்தில் இன்னது விளைக என்று ஆணையிடுகின்றது என்பதும் அவர் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய உண்மைகளாம். பருத்தியாலும் ஆலைகளாலும் பெயர் பெற்ற கொங்கு நாட்டில் பயிலும் நாம் இவ்வுண்மைகளை ஆராய்ந்து கொள்ளுதல் நலம் பயக்கும். ஆதலின் அப்பெரியாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

குமரப்பா அவர்கள் 1892-ம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ந் தேதி தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் சாலமன் துரைசாமி கார்னீலியஸ் என்பவர் அரசாங்கப் பொதுப்பணித் துறையில் உத்தியோகம் வகித்தவர்; ஒழுங்கிலும் காலந்தவறாமையிலும் கண்டிப்பு மிக்கவர். தாயார் எஸ்தர் ராஜநாயகம் அம்மையார் ஏழைகள்பால் இரக்கமுள்ளவர். தந்தையாரின் கண்டிப்பும் தாயாரின் இரக்கமும் ஒருங்கே மைந்தரிடம் வந்து அமைந்தன. சகோதரருள் ஒருவராகிய பாரதன் குமரப்பா அவர்களும் பிற்காலத்தில் இவரோடு ஒரே பணியில் ஈடுபட்டவர். இளமையில் நம் கதாநாயகர் ஜே. ஸி. கார்னீலியஸ் என்றே வழங்கப்பெற்றார்.

சென்னையில் கல்வி பயின்றபின், 1912-ம் ஆண்டில் கணக்காய்வுத் தொழிலைக் கற்கும்பொருட்டு லண்டன் மாநகர் சென்றார். அங்கே தேர்ச்சி பெற்றுத் தொழிலும் நடத்தி, முதல் உலக யுத்தம் முடிந்தபின் தாயாரின் விருப்பத்திற்கிணங்கி 1919-ம் ஆண்டில் தாயகம் திரும்பினார். பம்பாயில் கணக்காய்வாளராக அமர்ந்து வருவாயும் மதிப்பும் பெற்றார். உடையிலும் உணவிலும் பழக்கத்திலும் மேனாட்டாரையே ஒத்திருந்தார். அக்காலத்தில் அவரைக் கண்டோர், பின்னாளில் இவர் ஒரு மண்குடிசையில் வாழ்ந்து கைக்குத்தல் அரிசியின் பெருமையைப் பேசுவார் என்று கனவிலும் கருதியிரார்.

அவர் வாழ்வு திரும்பியது அமெரிக்க நாட்டில். 1927-ம் ஆண்டில் அங்குச் சென்றவர் சிரக்கூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்று, பின்னர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றார். ஒருநாள் ஒரு தேவாலயத்தில், இந்தியா வறுமையுற்றிருப்பது ஏன் என்பது பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்தினார். அது செய்தித்தாளில் வெளியாயிற்று. அதைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அப்பொருளையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளுமாறு பணித்தார். அரசாங்கத்தின் வரவு செலவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிய கணக்கருக்கு ஓர் உண்மை புலனாயிற்று. நாட்டின் வறுமை இயற்கை விளைத்ததன்று. விளைவிப்போனிடமிருந்து பொருள் ஓயாது வெளியே இழுக்கப்படும் ஓர் ஏற்பாட்டின் பயனே அது என்று கண்டார். அயலார் பெயரை விடுத்து முன்னோரின் பெயராகிய குமரப்பா என்பதையே தம் பெயராகக் கொண்டு 1929-ம் ஆண்டில் நாடு திரும்பினார்.

அவ்வாண்டு மே மாதம் 9-ந் தேதி, தம் ஆராய்ச்சி நூலைக் காந்தியடிகளிடம் காட்டும் பொருட்டுச் சபர்மதி ஆசிரமம் சென்றார். குறித்த நேரத்திற்கு முன்னரே சென்றமையால் அவ்விடத்தில் உலாவிக்கொண்டிருந்தார். மரநிழலில், சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து ஒரு முதியவர் நூல் நூற்றுக்கொண்டிருப்பதைக் கண்டு, சிறிது நேரம் நின்று நோக்கினார். அம்முதியவரே காந்தியடிகள் என்று அறிந்ததும், மடிப்புக் குலையாத மேனாட்டு உடையோடு அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார். பம்பாய்த் தொழில் அன்றோடு அவரைவிட்டு நீங்கிற்று என்றே சொல்லலாம். அவருடைய ஆராய்ச்சி அடிகளது பத்திரிகையாகிய யங் இந்தியாவில் தொடர்ந்து வெளிவந்தது.

காந்தியடிகள் அவரிடம் முதலில் ஒப்புவித்தது குஜராத்தில் கேடா ஜில்லாவைச் சேர்ந்த மாதர் தாலுக்காவின் பொருளாதார நிலையை ஆராயும் பணி. குமரப்பா அவர்கள் மாணவர் குழுவோடு ஊர் ஊராகச் சென்று, வீட்டு வருவாய், கடன், நிலம், உணவு ஆகியவற்றைக் கேட்டறிந்து குறித்தார். ஏட்டில் கண்ட வறுமையை அங்கே நேரிற் கண்டார். 1930-ம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் யங் இந்தியாவின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றுச் சிறை புகுந்தார். 1934-ம் ஆண்டில் பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தபோது நிவாரண நிதியின் கணக்கு இவர் கையில் ஒப்புவிக்கப்பட்டது. ஊழியரின் உணவுக்கு மிகச் சிறிய தொகையே இவர் வகுத்திருந்தார். காந்தியடிகளும் பரிவாரத்தாரும் ஆங்கு வந்தபொழுது, அவர்களது உணவுச் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று மறுத்துவிட்டார். அடிகள் அதனை மனமுவந்து ஏற்றுக்கொண்டார். பொதுப்பணத்தின் ஒவ்வொரு காசும் எங்கே சென்று சேர்கின்றது என்று பார்க்கும் அக்கண்ணே, பின்னர் ஏழையின் சோற்றுக் கணக்கையும் பார்த்தது.

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் நிறுவப்பட்டது. அதன் காரியதரிசியாக அமர்ந்த குமரப்பா அவர்கள் வார்தாவில் மகன்வாடி என்னும் இடத்தில் வாழத் தலைப்பட்டார். கைக்குத்தல் அரிசி, திரிகை மாவு, மாட்டுச் செக்கெண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம் முதலியவை அங்கே ஆராய்ச்சிக்குரிய பொருள்களாயின. இவை யாவும் பழமையின்மேற் கொண்ட பற்றால் எழுந்தனவென்று சிலர் நகைத்தனர். அவர் கருத்து அதுவன்று. ஓர் ஊரில் விளைந்தது அவ்வூரிலேயே பக்குவப்படுமாயின், அரிசியோடு அதன் தவிடும், எள்ளோடு அதன் பிண்ணாக்கும், கூலியோடு அதன் பயனும் அவ்வூரிலேயே தங்கும். பிண்ணாக்கு மாட்டுக்கும், மாட்டின் எரு நிலத்துக்கும், நிலத்தின் விளைவு மனிதனுக்கும் திரும்பும். விளைபொருள் வெளியூர் ஆலைக்குச் சென்றுவிடுமாயின் இச்சக்கரம் அறுபடும். இதனைக் கணக்காகவே அவர் எழுதிக் காட்டினார்.

இங்கு அவர் வாங்குவோனுக்கு வகுத்த நெறியைச் சிறிது விரித்துக் கூறவேண்டும். ஒரு பொருளை வாங்குபவன் அதன் விலையைக் கொடுத்தவுடன் தன் கடமை தீர்ந்தது என்று எண்ணுதல் தவறு என்பது அவர் கொள்கை. அப்பொருள் எவ்வாறு விளைந்தது, விளைத்தோன் வயிறார உண்டானா, வரும் வழியில் எவர் வருத்தப்பட்டனர் என்பனவற்றிற்கும் வாங்குபவனே பொறுப்பாளி. இதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஒரு கிண்ணம் கோக்கோ. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் அந்நாட்டு மக்களை வருத்தி விளைவித்து, கடற்படைகளால் காக்கப்படும் கடல்வழியே கொணர்ந்து விற்கப்படும் அப்பானத்தை அருந்துபவன், தான் அறியாமலே அக்கொடுமையனைத்திலும் பங்கு கொள்கின்றான் என்று விளக்கினார். ஆயிரங் காதத்துக்கு அப்பாலுள்ள விளைநிலத்தின் நிலையை நாம் எவ்வாறு அறிவோம்? அறியவல்ல தொலைவுக்குள்ளேயே உணவை வாங்குவோமாயின், பண்ணையாளுக்குக் கூலி கிடைத்ததா, கிணற்றில் நீருண்டா, நிலம் சத்திழந்ததா என்று கண்ணாரக் காணலாம்; தவறு காணின் கேட்கவும் திருத்தவும் ஆம். அருகில் வாங்குதல் என்பதை அவர் பொறுப்பின் எல்லையாகவே கொண்டார்.

அடுத்தது நிலத்தைப் பற்றியது. மலையாள நாட்டில் நெல் விளைந்த வயல்கள் தென்னந்தோப்புகளாக மாறி, அத்தேங்காயெண்ணெய் சவர்க்கார ஆலைகட்குச் செல்வதை அவர் எடுத்துக்காட்டினார். காசு மிகுதியாகக் கொடுப்பவன் சவர்க்காரத்துக்குக் கொடுக்கின்றான்; ஆதலின் நிலம் சவர்க்காரத்தை விளைக்கின்றது; சோறு வேண்டியவன் கையிலோ காசில்லை. நிலம் பசித்தவனுடைய குரலைக் கேளாது, பணமுடையவனுடைய குரலையே கேட்கும் என்பது இதன் கருத்து. இதற்கு மாற்றாக அவர் சமநிலைப் பயிர்முறை என்னும் திட்டமொன்றை வகுத்தார். ஒரு லட்சம் மக்கள் வாழும் வட்டாரத்துக்குத் தானியம், பருப்பு, வெல்லம், எண்ணெய், பால், காய்கறி, கிழங்கு, பழம், உடைக்குரிய பருத்தி ஆகியவை எவ்வளவு வேண்டும், அவற்றிற்கு எத்தனை ஏக்கர் நிலம் ஒதுக்கவேண்டும் என்று பட்டியல் வகுத்துக் காட்டினார். வட்டாரத்தின் தேவை நிறைந்த பின்னர் எஞ்சியதே வெளியே செல்லவேண்டும் என்றார். நிலத்தில் இன்னது பயிரிடலாம் என்பதற்கு உத்தரவு முறையும் வேண்டுமென்றார். இவ்வுத்தரவு முறை உழவனது உரிமையைக் கட்டுப்படுத்துமன்றோ என்று ஐயுறுவார்க்கு அவ்வையம் நியாயமானதே. ஆயினும் அவர் எழுப்பிய வினா இன்றும் விடையின்றியே நிற்கின்றது.

நம் கொங்கு மண்ணிலும் அதன் மேலுள்ள நீலமலையிலும் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் அவர் வழிக்குத் துணை நிற்பன. குன்னூரில் 1918-ம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சியில் ராபர்ட் மக்காரிஸன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயையும் உணவுக் குறைகளையும் ஆராய்ந்தார். ஆலையில் தீட்டப்படும் அரிசி தவிட்டோடு உயிர்ச்சத்தையும் இழக்கின்றது என்பது அறிஞரால் நிலைநாட்டப்பட்டது. தொழுவெருவிட்டு விளைத்த சிறுதானியம் ஊட்டத்தில் உயர்ந்தது என்று அவரும் விசுவநாத் என்னும் வேளாண் இரசாயன அறிஞரும் 1926-ம் ஆண்டளவில் வெளியிட்டனர். கோவையில் 1912-ம் ஆண்டில் நிறுவப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையமோ வட இந்தியா முழுவதும் பரவிய கரும்பினங்களை ஈன்றது. அவ்வறிவியலின் பெருமையை எவரும் மறுக்கவியலாது. எனினும் குமரப்பா அவர்கள் வேறொரு கணக்கையும் உடன்வைத்து நோக்கினார். கரும்பு நல்ல நீர்வளமுள்ள வயலைக் கேட்கும். பனையோ வரப்பிலும் வறண்ட மேட்டிலும் தானே நிற்கும். இனிப்பைப் பனையிடம் பெற்றால், வயல் நெல்லுக்கும் பருப்புக்கும் எஞ்சும் என்பது அவர் கண்ட முடிபு.

1942-ம் ஆண்டு இயக்கத்தையொட்டி மீண்டும் சிறைப்பட்டு ஜபல்பூர் சிறையில் இருந்தார். உடல் நலம் குன்றிய அந்நாட்களிலேதான் அவரது தலைசிறந்த இரு நூல்கள் உருவாயின. ஒன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. மற்றொன்று இயேசு பெருமானின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. இரண்டும் 1945-ம் ஆண்டில் வெளிவந்தன. அன்றாட உணவைப் பிறரோடு பகிர்ந்துண்ணும் வாழ்வே வழிபாடு என்று கருதியவர்க்கு இவ்விரு நூல்களும் வெவ்வேறாகத் தோன்றவில்லை. காந்தியடிகள் இவருக்கு இறையியலிலும் கிராமக் கைத்தொழிலிலும் தாமே டாக்டர் பட்டம் அளித்து மகிழ்ந்தார்.

அவர் சிறையிலிருந்த காலத்தில், 1943-ல், வங்காளத்தில் பஞ்சம் நேர்ந்து பல லட்சம் மக்கள் மாண்டனர். இவ்விடத்தில் ஒரு மறுப்புரையை ஆராய்தல் தகும். வட்டார உணவை நம்பியிருந்தால், மழை பொய்த்த ஆண்டில் அவ்வட்டாரம் அழியாதோ? வெளியினின்று தானியம் வருதல் வேண்டாவோ? வினா வலியது. நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று வழங்கிய 1876-78-ம் ஆண்டுகளின் கொடும்பஞ்சம் கோவை ஜில்லாவையும் வாட்டியது. ஆயின் அதற்கு முன்னரே போத்தனூர் வழியாக இருப்புப்பாதை வந்துவிட்டது என்பதை நினைவுகூர்தல் வேண்டும். தானியத்தை ஏற்றிவர வண்டி இருந்தது. அதை வாங்கக் கூலியாளிடமும் நெசவாளரிடமும் காசில்லை. அப்பஞ்ச காலத்திலும் இந்தியாவினின்று தானியம் கப்பலேறிற்று. ஆகவே உணவுக் காப்பு என்பது களஞ்சியத்தில் தானியம் இருத்தல் மட்டுமன்று. அதை வாங்குதற்குரிய வருவாய் அண்டை வீட்டானிடம் இருத்தலுமாம். உள்ளூர் உழவனிடமும் செக்காரனிடமும் நாம் வாங்கும்பொழுது இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறுகின்றன. குமரப்பா அவர்கள் வாணிகத்தை முற்றும் விலக்கினாரல்லர். எஞ்சியதை விற்று இல்லாததை வாங்குக என்றார். உயிர்த் தேவையை மட்டும் தூரத்துச் சந்தையின் மனம்போன போக்கிற்கு விட்டுவிடலாகாது என்பதே அவர் துணிபு.

நாடு விடுதலை பெற்றபின், காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவராகி 1949-ம் ஆண்டில் அறிக்கை அளித்தார். உழுபவனுக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலுள்ளோர் நீங்கவேண்டுமென்றும், ஒருவர் வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டுமென்றும் அக்குழு கூறிற்று. வார்தாவுக்கு அருகில் ஸேல்டோ என்னும் ஊரில் பண்ணை ஆசிரமம் அமைத்துத் தாமே பயிர்த்தொழில் முறைகளை ஆராய்ந்தார். ஆனால் புதிய இந்தியா பேராலைகளையும் பேரணைகளையும் நோக்கி விரைந்தது. உடன்பாடில்லாதவற்றை அவர் அதிகாரத்திலிருந்தோர் முகத்துக்கெதிரே கூறினார். அதனால் நண்பர் சிலரையும் இழந்தார். இரத்த அழுத்த நோயும் அவரை வருத்திற்று. இறுதியில் மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதனம் வந்தடைந்து, அக்கரிசல் பூமியில் எளிய வாழ்வு நடத்தினார். மணம்புரியாது வாழ்ந்த அவர் 1960-ம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ந் தேதி, தம் தலைவர் உயிர்நீத்த அதே நாளில், இம்மண்ணுலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்து அறுபது ஆண்டுகட்கு மேலாயின. அவர் மலையாள நாட்டில் கண்டதை நாம் பொள்ளாச்சியிலும் ஆனைமலையிலும் காணலாம். நெல்லும் நிலக்கடலையும் விளைந்த நிலங்கள் பல தென்னந்தோப்புகளாயின. ஒரே பயிரை நம்பிய அப்பகுதியில் 2016-ம் ஆண்டில் அயல்நாட்டுச் சுருள் வெள்ளை ஈ தோன்றிப் பரவிற்று. வேர்வாடல் நோயும் தோப்புகளைத் தாக்கிற்று. சோளமும் கம்பும் இராகியும் சாமையும் உண்டு உழைத்த நம் பாட்டன்மார் நிலத்தில் அவற்றின் பரப்புச் சுருங்கிற்று. எண்ணெயைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் அயல்நாடுகளிலிருந்து வாங்குகின்றது. 2022-ம் ஆண்டில் உக்ரைன் நாட்டில் யுத்தம் மூண்டதால் சூரியகாந்தி எண்ணெய் வரத்துத் தடைப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் மாத இறுதியில் இந்தோனேஷியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியது. எங்கோ வெடித்த வெடியால் நம் வீட்டு வாணலி வறண்டது. கொங்கு நாட்டிலே நிலக்கடலையும் எள்ளும் விளையாதனவல்ல; செக்கும் நமக்குப் புதிதன்று.

நம்பிக்கைக்கு இடமில்லாமலும் இல்லை. 1999-ம் ஆண்டு நவம்பர் மாதம் 14-ந் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அம்முறை விரைவில் கோவைக்கும் வந்தது. அண்மை ஊர்களில் விளைந்ததை ஆர். எஸ். புரத்திலும் சிங்காநல்லூரிலும் உழவரே கொணர்ந்து, தராசு பிடித்து விற்பதை விடியற்காலையில் காணலாம். விலையைக் கேட்கும் நாம், அங்கே ஊரையும் கேட்கலாம், மழையையும் கேட்கலாம். வாங்குபவன் விளைத்தவன் முகத்தைக் காண்கின்ற அவ்விடத்தில், குமரப்பா அவர்கள் ஏட்டில் எழுதியது ஒருவாறு நடைபெறுகின்றது.

மாணவ நண்பர்காள்! நம்மிற் பலர் வணிகமும் கணக்கியலும் பயின்று ஆலைகளிலும் வங்கிகளிலும் அமரப் போகின்றோம். குமரப்பா அவர்களும் கணக்கரே. பெரும் வருவாயுள்ள தொழிலை விட்டு ஏழையின் அடுக்களைக் கணக்கை எழுதப் புகுந்தார் என்பதே அவர்க்கும் பிறர்க்கும் உள்ள வேற்றுமை. அத்துணைத் துறவு நமக்குக் கைகூடாதாயினும், ஒரு சிறிய கணக்கை நாம் எழுதிப் பார்க்கலாம். நம் விடுதியிலும் வீட்டிலும் ஒரு திங்களில் உண்ணப்படும் அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி ஆகியவை எவ்வூரிலிருந்து வந்தன என்று ஓர் ஏட்டில் குறிப்போமாக. இவ்வட்டாரத்திலேயே விளையக்கூடியவை எவை என்று அடுத்த பத்தியில் எழுதுவோமாக. அவ்விரு பத்திகளுக்கும் உள்ள இடைவெளியே நம் உணவுக் காப்பின் குறை. அதனை ஒரு படி கம்பாலும் ஒரு படி நல்லெண்ணெயாலுமேனும் குறைக்க முற்படுவோமாயின், அப்பெரியார்க்கு நாம் செய்யும் நினைவஞ்சலி அதுவேயாகும்.